சிவப்புக் கோடு

பாறையில் உட்கார்ந்தால் கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்கக் கூடாது. வேலையே அதுதான். காலை எட்டுக்கு ஏறினால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் இறங்குவாள். கீழே, இரண்டு திருப்பம் தாண்டி, ஓடை விழுந்து தேங்கும் குளத்தில் டவுன்காரர்கள் டிக்கெட் வாங்கிக் குளித்தார்கள். மலை உச்சியில் மழை கொட்டினால், அடிவாரத்தில் வெயில் காயும்போதே வெள்ளம் வந்துவிடும். அதைப் பார்த்து ஊத, பழைய பாவாடை நாடாவில் கோத்த விசில் ஒன்று அவள் கழுத்தில் தொங்கியது. ஊரில் அவளுக்குப் பெயரே விசில்காரிதான்.

எதிர்ப் பாறையில் கம்பெனி ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தது. கோடு நனைந்தால் ஊத வேண்டும். காய்ந்திருக்கும்போது ஊதக் கூடாது. வறண்ட கோடையில், மேனேஜர் கை நீட்டிய உயரத்தில் பெயிண்டர் இழுத்துவிட்டுப் போன கோடு அது. அது நனைந்து, இவள் ஊதி, கீழே இருப்பவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வெள்ளம் குளத்துக்குள் இருக்கும்.

அவள் கோட்டைப் பார்ப்பதில்லை, இலையைப் பார்ப்பாள். சருகு மிதந்து வந்தால் மேலே காற்று. பச்சை இலை காம்போடு பிய்ந்து வந்தால் மழை மரத்தை அடிக்கிறது என்று அர்த்தம். நுரை பழுப்பானால் நேரமே இல்லை.

இந்த வருஷம் இலையை நம்பி இரண்டு முறை ஊதினாள். இரண்டு முறையும் தண்ணீர் ஒரு சாண் ஏறி இறங்கிவிட்டது. கரையேறியவர்கள் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டு மேனேஜரை உலுக்கி எடுத்தார்கள். "இன்னொரு தடவை கோடு காயும்போது ஊதினே, விசிலைக் கழட்டி வெச்சிட்டுப் போயிட்டே இரு. உன் புருஷனுக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார் அவர்.

புருஷன் குளத்தில் கயிற்றுக்காரன். தண்ணீர் வழிந்து விழும் விளிம்பில், யாரும் தாண்டிவிடாமல் கயிற்றைப் பிடித்து இடுப்பளவு தண்ணீரில் நிற்பான். எல்லோரும் ஏறிய பிறகுதான் அவன் ஏறலாம். கேன்டீனுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை இருவர் வேலைக்கும் சேர்த்துக் கொடுத்தது.

அன்று காலை நாத்தனார் துண்டு மூட்டையோடு எதிரே வந்தாள். விடுதித் துணிகளைக் குளத்துக்குக் கீழே துவைப்பவள்.

"அண்ணி, மூணு பஸ் வந்திருக்கு. இன்னிக்காவது வாயை அடக்கு."

"என் வாயையா, விசில் வாயையா?"

"ரெண்டும் ஒண்ணுதான். எதைக் கேட்டாலும் எங்க அண்ணனுக்குக் கரையேறி ஓடத்தான் தோணும்."

பதினோரு மணிக்கு முதல் இலை வந்தது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அவள் எட்டி எடுத்துப் பார்த்தாள். காம்பில் பட்டை உரிந்து வந்திருந்தது. பின்னாலேயே இரண்டு, பிறகு காயோடு ஒரு கிளை. கோட்டுக்குக் கீழே இரண்டு சாண் காய்ந்து கிடந்தது. கீழிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

விசில் உதட்டுக்கு வந்து, இறங்கி, திரும்ப வந்தது. அவள் புருஷன் நிற்கும் இடுப்பளவு தண்ணீரை நினைத்தாள். ஊதினாள்.

கால் மணி நேரத்தில் மேனேஜர் மூச்சிரைக்க ஏறி வந்தார். நேராகக் கோட்டைப் பார்த்தார்.

"காயுதா, இல்லையா?"

"காயுது சார். ஆனா இலை..."

"இலையா? மேலிடத்துல கேட்டா நான் இலையை அனுப்பட்டுமா?" கையை நீட்டினார். "கழட்டு."

நாடா காதோரத்தில் சிக்கியது. அவள் கழற்றிக் கொடுத்தாள். அவர் போனில், "ஒண்ணும் இல்ல, எல்லாரையும் இறங்கச் சொல்லு" என்றபடியே படியில் இறங்கிப் போனார்.

போகச் சொன்ன பிறகும் அவள் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நுரையில் ஒரு பழுப்பு. அடுத்த நுரை முழுக்கப் பழுப்பு. கோடு இன்னும் காய்ந்தே இருந்தது. கை தானாகக் கழுத்துக்குப் போய் வெறும் தோலைத் தொட்டது.

படியை விட்டுவிட்டு ஆட்டுத்தடத்தில் விழுந்தடித்து ஓடினாள். முள் கிழித்தது தெரியவில்லை. குளத்தில் நூறு பேர் இருப்பார்கள். கரைப் பாறையில் பெட்டி அளவு ஸ்பீக்கர் அலறியது.

"ஏறுங்க! தண்ணி வருது!"

ஒருவன் அவளைப் போலவே கையை ஆட்டி ஆடிக் காட்டினான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். விளிம்பில் புருஷன் மட்டும் அவள் வெறுங்கழுத்தைப் பார்த்தான். பார்த்தும் கயிற்றை விடவில்லை. அந்தக் கயிற்றை நம்பித் தண்ணீரில் நூறு பேர் இருந்தார்கள்.

அவள் இரண்டு கையாலும் ஸ்பீக்கரைத் தள்ளினாள். அது குளத்தில் விழுந்து பாட்டு செத்தது.

"ஏய், பைத்தியமா நீ!"

"பிடிடா அவளை!"

பத்துப் பேர் பாய்ந்து ஏறினார்கள். ஒருவன் மணிக்கட்டை முறுக்கினான். அடி விழுவதை வேடிக்கை பார்க்க மீதிப் பேரும் கரையேறினார்கள். அப்போது மேலே லாரி வருவது போல ஒரு சத்தம் கேட்டது.

கடைசியாக ஒரு பெரியவர் கயிற்றைப் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தார். கயிற்றுக்காரன் அவரைக் கரைக்குத் தள்ளிவிட்டுக் கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டான். செம்மண் தண்ணீர் அவன் தலைக்கு மேலே போனது. அவளைப் பிடித்திருந்தவர்களே அவளை விட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தார்கள். ஆள் வந்தான். தோள் மட்டும் கழன்று தொங்கியது. பகலில் நிற்காத பாட்டு நின்றதுமே சந்தேகப்பட்டு, நாத்தனார் துணியை வாரிக்கொண்டு மேட்டில் ஏறியிருந்தாள்.

மூன்றாம் நாள் ஆபீஸ் கிளார்க் காகிதத்தைப் படித்துக் காட்டினான். "சிவப்புக் கோடு நனைந்த நேரத்தில் காவலாளி பாறையில் இல்லை. காவலிடத்தை விட்டு இறங்கி, விருந்தினர் முன் ரகளை செய்து பொருளைச் சேதப்படுத்தினார். இதனால் கயிறு பிடிக்கும் பணியாளரும் வேலைக்கு லாயக்கற்றுப் போனார். இருவரும் இன்றே அறையைக் காலி செய்ய வேண்டும்."

"விசிலை அவரு வாங்கினது?"

"அதுக்கு இந்த ஃபார்ம்ல கட்டமே இல்லம்மா." அவன் மை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினான்.

ஊருக்குப் போகும் வழி அந்தப் பாறையைத் தாண்டித்தான். தலையில் மூட்டையோடு அவளும், கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி அவனும் ஏறினார்கள். பாறையில் புது ஆள் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் அதே பாவாடை நாடா. எதிரே பெயிண்டர் டப்பாவோடு தண்ணீரில் நின்றான்.

"அக்கா, நல்ல வேளை வந்தே. கோட்டை இறக்கிப் போடச் சொல்லிட்டாங்க. எந்த இடம்னு உன்னையே கேக்கச் சொன்னாரு மேனேஜர்" என்றான் பெயிண்டர்.

"வா, போலாம்" என்றான் புருஷன்.

கீழே புது ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்தது. அவள் குளத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, பாறையில் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் அளந்து உள்ளங்கையைப் பதித்தாள்.

"இங்க."

பெயிண்டர் அவள் விரலை ஒட்டியே பிரஷை இழுத்தான். புது ஆள் வாய் பிளந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க என்ன பாக்கறே?" என்றாள் அவள். "தண்ணியைப் பாரு."

சிவப்பு ஒட்டிய கையாலேயே மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.