பணிவான மேஜை

அந்தக் குடியிருப்பில் ஜெனரேட்டர் செத்துப்போன பிறகும் ஜெனரேட்டர் ரூமுக்கு உயிர் இருந்தது. காலையில் பால் பாக்கெட் வரும் நேரத்திலிருந்து உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். உப்புத்தாள் தேய்க்கிற சத்தம். தேய்ப்பது டைப் டீச்சர். தட்டச்சுப் பள்ளியை மூடியாகிவிட்டது, ஊரே கட்டைவிரலால் டைப் அடிக்கப் போய்விட்டது. பட்டப்பெயர் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

வீடு இடிக்கிற இடத்தில் கிடக்கும் கதவு, ஜன்னல் சட்டம், சந்தைக்குப் பின்னால் எறியப்பட்ட சரக்குப் பெட்டி என்று யாருக்கும் வேண்டாத பலகையெல்லாம் அவள் கைக்கு வந்து சேரும். ஆணியைப் பிடுங்கி, இழைப்புளி போட்டு, மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும்படி எண்ணெய் ஊட்டுவாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே நகம் நுழைகிற அளவு இடைவெளி விடுவாள், மழைத்தண்ணீர் தங்காமல் இறங்கிப் போவதற்கு. கீழே பழைய இரும்புக் கால். தையல் மெஷினுடையதோ, ஓடி ஓய்ந்த ஸ்டாண்ட் ஃபேனுடையதோ, எது கிடைக்கிறதோ அது. முடிந்தபின் பார்த்தால் தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு டீ டம்ளர் வைக்க லட்சணமாக ஒரு குட்டி மேஜை.

"வீட்டுல டம்ளர் வைக்க இடமில்ல, எல்லாம் மேஜையா கிடக்கு. அதுல டம்ளர் வைக்கலாம்னா, எண்ணெய் காயலங்கறா" என்று அவள் வீட்டுக்காரர் புலம்புவார். அதனால்தான் அந்த ரூம் அவளுக்கு அவ்வளவு முக்கியம். அது போனால் பட்டறை போயிற்று.

போகத்தான் இருந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் அந்த ரூமின் மேல் கண் வைத்துவிட்டார். தலைவர் வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா புருஷன்தான்.

அத்தான் குனிந்து யாரும் பார்த்ததில்லை. செருப்பு மாட்டும்போதுகூட வானத்தைப் பார்த்துக்கொண்டே காலால் துழாவுவார். சங்கத்துத் தண்ணீர்த் தொட்டி வழிந்தால் அதைப் பற்றி ஒரு சொற்பொழிவு உண்டு. குழாயை மூடுவது வேறு யாராவது. அப்படிப்பட்டவர் ஒருநாள் ரூமுக்கே வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பித்தளைத் தகட்டை அவள் கையில் கொடுத்தார். பிரித்தால், பளபளவென்று 'தலைவர்' என்று எழுத்து.

"இந்தாம்மா, இதுக்குப் பின்னாடி நல்ல பலகையா ஒண்ணு வெச்சு இழைச்சுக் குடு. கதவுல மாட்டணும்."

"எந்தக் கதவுல அத்தான்?"

"இந்தக் கதவுலதான். ஒரு தலைவர்னா உட்கார ஒரு அறை வேண்டாமா? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வெச்சு முடிவு பண்ணிடலாம். ஜனநாயகம் பாரு."

அவர் போனபிறகு அவள் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் கழுத்துக்கு என்னையே கத்தி தீட்டச் சொல்கிறாரே என்று நினைத்தாள். ஆனாலும் பலகையைத் தேர்ந்தெடுத்தபோது கை தானாக நல்ல தேக்குத் துண்டைத்தான் எடுத்தது. அரைகுறையாக வேலை செய்ய அந்தக் கைக்குத் தெரியாது.

சாயங்காலம் அக்கா வந்தாள். "என்னடி, மூஞ்சி ஒரு முழத்துக்குத் தொங்குது?"

"உன் வீட்டுக்காரர்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அக்கா?"

"நான் சொல்றது அவர் காதுல விழணும்னா முதல்ல அவர் வாயை மூடணும். கூட்டத்துல பணிவைப் பத்திப் பேசப் போறாராம். கண்ணாடி முன்னாடி நின்னு பழகறாரு. பாவம், கண்ணாடிக்கே கால் வலிக்கும்." பிறகு மூலையில் இருந்ததைப் பார்த்தாள். "அது என்ன, புதுசா?"

சலூன்காரர் புது நாற்காலி வாங்கியபோது கழித்துப் போட்ட பழைய நாற்காலியின் அடிப்பாகம் அது. கனத்த வட்ட இரும்பு, நடுவில் தண்டு, பக்கத்தில் ஒரு மிதி. மிதிக்க மிதிக்கத் தண்டு உயரும். அதன்மேல் பழைய வாசல் கதவுப் பலகையைப் பொருத்தியிருந்தாள்.

"உட்கார்ந்தா தாழ்வா வெச்சுக்கலாம், நின்னா உசத்திக்கலாம்" என்று மிதித்துக் காட்டினாள். மேஜை மெல்ல மெல்ல எழுந்து இடுப்புயரத்தில் நின்றது.

"நின்னு பேசறவருக்கு இதையே போட்டுடு" என்றாள் அக்கா.

டீச்சருக்கும் அது சரியென்று பட்டது. வாசல் மரத்தடியில் எல்லா மேஜைகளையும் போட்டு, டீயும் கொடுத்தால், கூட்டத்துக்கு வருகிறவர்கள் உபயோகித்துப் பார்க்கட்டுமே! ரூம் எதற்கு வேண்டும் என்று அப்போது வாயால் சொல்ல வேண்டியதில்லை. உயர்த்திய மேஜைமேல் தண்ணீர்க் குடம் ஒன்றை வைத்துப் பார்த்தாள். ஆடவில்லை, அசையவில்லை. குடத்துக்குத் தாங்கினால் எதற்கும் தாங்கும் என்று நம்பினாள். ஆனால் குடம் யார் மேலும் சாய்ந்து நிற்கிற ஜாதியில்லை. அத்தானின் முழங்கையை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. ஆளாளுக்கு ஒரு மேஜை, மேஜைக்கு ஒரு டம்ளர். "அட, மழையில கிடந்தாலும் ஒண்ணும் ஆகாதா?" என்று மேல்மாடிக்காரர் அடியில் தட்டிப் பார்த்தார். டீச்சருக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

அத்தான் எழுந்து நின்றார். உயரமான மேஜையில் வலது முழங்கையை அழுத்தி ஊன்றிக்கொண்டார். அழகாகப் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். மூடிக்கொண்டார்.

"அன்பார்ந்தவர்களே! பணிவு என்பது என்ன?"

பழைய தண்டு. உள்ளே எண்ணெய் எங்கோ கசிந்திருக்க வேண்டும். மேஜை அரை விரல்கடை இறங்கியது.

"பணிவு என்பது நான் எனக்கே கற்றுக்கொடுத்த பாடம். என்னைப்போல் பணிவானவரை..."

இன்னும் கொஞ்சம் இறங்கியது. முழங்கை இறங்கியது, தோள் இறங்கியது. யாரோ டீயை மூக்கில் ஏற்றிக்கொண்டு இருமினார்கள். டீச்சருக்குப் புரிந்துவிட்டது. மனுஷன் கண்ணைத் திறந்து, தன்னை எல்லார் முன்னாலும் மேஜையே மட்டம்தட்டிவிட்டது என்று கண்டால், ரூம் மட்டுமல்ல, குடியிருப்பே அவளுக்கு இல்லை. போய் நிறுத்தலாமென்றால் மிதி அவர் காலடியில் இருந்தது.

"...எங்கும் காணமுடியாது! அலுவலகத்தில் எத்தனையோ பேர் என் பணிவைக் கண்டு நடுங்கியிருக்கிறார்கள்!"

அத்தான் இப்போது பாதியாக மடிந்திருந்தார். மரத்தைத் தாண்டி வந்த வெயிலில் வழுக்கை மின்னியது. பேச்சு ஏற ஏற ஆள் இறங்கிக்கொண்டே போனார். கடைசியில் தண்டு அடியில் முட்டி 'டக்' என்றது.

அத்தான் கண்ணைத் திறந்தார். எதிரே வரிசையாகச் செருப்புகள் தெரிந்தன. கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தால், நேர் முன்னால் டீத் தட்டோடு மச்சினி. அவளுக்கு முன்னால் இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, அவர்.

அப்போது முன்வரிசையிலிருந்து அக்கா கை தட்டினாள்.

"பாருங்க! பேசறதோட நிக்கல, எங்க வீட்டுக்காரர் பணிஞ்சே காட்டிட்டாரு! என் தங்கச்சி உழைப்புக்கு ஒரு கும்பிடு!"

தட்டல் பரவியது. மேல்மாடிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "அப்போ அந்த ரூம் டீச்சருக்கே இருக்கட்டும்னு சொல்றீங்க. அதானே தலைவரே?"

அத்தான் மேஜையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கைதட்டலைப் பார்த்தார். இவ்வளவு கைதட்டல் அவருக்கு ஆயுசில் கிடைத்ததில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார்.

"அதைத்தானே இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டு இருக்கேன்!"

கூட்டம் கலைந்து, டீச்சர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, இது மேலயும் ஏறுமா?"

"ஏறும் அத்தான். ஆனா நாமதான் மிதிக்கணும்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு மிதி மிதித்தார். மேஜை ஒரு துளி உயர்ந்தது. முகத்தில் ஒரு சின்னப்பிள்ளைச் சிரிப்பு வந்தது. இன்னொரு மிதி. "எனக்கே வேணும். நம்ம வீட்டு மாடியில போட்டுக்கறேன்."

"எடுத்துக்குங்க அத்தான். கசிவை மட்டும் அடைச்சுத் தரேன்."

"அடைச்சியோ, உன்னோட பேசவே மாட்டேன்" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

மாட்டக் கதவில்லாத பித்தளைத் தகட்டை, வீணாவானேன் என்று, டீச்சர் அந்த மேஜையின் விளிம்பிலேயே நாலு திருகாணி போட்டுப் பொருத்திக் கொடுத்தாள். அத்தானுக்குப் பரம திருப்தி. சாயங்காலம் மொட்டை மாடியில் அதன் பக்கத்தில் அமர்ந்துதான் டீ குடிக்கிறார்.

கீழே ஜெனரேட்டர் ரூமில் உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டே டீச்சர் காது கொடுப்பாள். மாடியிலிருந்து அக்காவின் குரல் தெளிவாக வந்து விழும்:

"தூறல் போடுது பாருங்க. தலைவர் நனைஞ்சா பரவாயில்ல, எண்ணெய் ஊட்டியிருக்கு. டம்ளர் எட்டல, தலைவரைக் கொஞ்சம் இறக்குங்க!"