வாசலைத் தாண்டாத செம்பருத்தி

இடுப்பு தனியே கழன்று போய்விடும் போலிருந்தது அவளுக்கு. ஏணியில் ஏறிச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவள். தரையில் குந்திப் படம் போடுவது உடம்புக்குப் புதுசு. பல் டாக்டர் வீட்டில் வேலை பார்த்தபோது, அவர் தன் புது கிளினிக்கில் மாட்டப் படம் தேட, "பூப்படம்தானே, நானே போட்டுத் தர்றேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

மூன்று கேன்வாஸ்களை அருகருகே போட்டு, மூன்றுக்கும் சேர்த்து ஒரே செம்பருத்தி. அடியில் காகிதம், மேலே சாக்கு, அதன்மேல் துணியிதழ், பிறகு சுவரை வழவழப்பாக்கப் பூசும் பட்டி, கடைசியில் வண்ணம். பூ என்னவோ ஜம்மென்று வந்தது. வாசலைத் தாண்டத்தான் மறுத்தது. சுவர் எங்கேயும் போகாது என்கிற பழக்கத்தில், இதழ்த்துணியை இணைப்புகளில் வெட்டாமல் இழுத்து ஒட்டிவிட்டாள். மூன்றும் காய்ந்து ஒன்றாகிவிட்டன. குறுக்கே பிடித்தாலும் சாய்த்துப் பிடித்தாலும் கதவு இடித்தது.

"கிளினிக் திறக்கிறதுக்குள்ள வரலேன்னா, டாக்டர் கடையில அச்சடிச்ச படத்தை வாங்கி மாட்டிருவாராம்க்கா," என்றான் வெளியே வேன்காரன்.

நேராக வெட்ட அவள் நாத்தனாரைவிட்டால் ஆள் இல்லை, தையல்காரி. ஆனால் இதழுக்குள் படுத்திருப்பது நாத்தனாரின் சிவப்புத் துப்பட்டா. கொடியில் காணாமல் போனபோது, "பக்கத்து வீட்டுக்காரி பார்வையே சரியில்ல" என்று இவள்தான் எடுத்துக்கொடுத்தாள். நாத்தனார் போய்த் தெருவே கூடும்படி சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

வேறு வழியில்லை, கூப்பிட்டாள். முதல் இணைப்பில் கத்தி இறங்கியதும் பட்டி உதிர்ந்தது. உள்ளே ஜரிகை பல்லைக் காட்டியது.

"இது என்ன துணி அண்ணி?"

"பழந்துணி."

"பழந்துணியில நான் போட்ட பூத்தையல் எப்படி வந்துச்சு?"

வெளியே ஹாரன் அடித்தது.

"மிச்சத்தையும் வெட்டும்மா. அப்புறம் ஆற அமரத் திட்டிக்கோ."

"எதுக்குத் திட்டணும்? உங்க நீலப் பட்டுப்புடவை எங்க இருக்கு?"

"அலமாரியில, மேல்தட்டுல."

"இனிமே என் பெட்டியில இருக்கும்."

சொல்லிக்கொண்டே அடுத்த இணைப்பை ஒரே இழுப்பில் வெட்டினாள். வெட்டுவாயில் சிவப்பைத் தடவிக்கொண்டே அண்ணிக்காரி தலையாட்டினாள், வேறென்ன செய்ய.

படம் வேனில் ஏறியது. பக்கத்து வீட்டுக்காரி தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய் உண்மையைச் சொல்லுங்க அண்ணி."

"திட்டினது நீதானே, நீ போ."

"தூண்டிவிட்டது யாரு?"

இரண்டு பேரும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். திருடி என்று சொன்னதற்குப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.