மைக்குச் சாட்சி

கண்டியில் மண்ணிற மையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஒருவர்தான் இருந்தார். பரமநாதன், நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். வரைபடத்தில் ஆறு நீலம், தெரு சிவப்பு, மலையின் உயரக்கோடு மண்ணிறம். ஹந்தானை மலையைத் தன் கையால் கோடு கோடாக எழுப்பிய மனிதர் ஓய்வுக்குப் பிறகும் அந்த நிறத்தைக் கைவிடவில்லை. பால்காரனுக்கு எழுதும் துண்டும் மண்ணிறத்தில்தான். நீலத்தில் எழுதுவது கிளாக்கர்மார் வேலை என்பார்.

பேனைக்கடை பஹ்மி புது மை வந்தால் முதல் போத்தலை அவரிடம்தான் கொண்டுவருவார். பரமநாதன் கதிரையில் நிமிர்ந்து இருந்து, பேனையில் மையை ஏற்றி, தாளில் ஒரு நீண்ட கோடு இழுப்பார். ஈரத்தில் அது சர்க்கரைப் பாகு மாதிரிக் கறுத்து நிற்கவேண்டும். காய்ந்தபின் பழம் பாக்கின் வெட்டுமுகம் போல வெளுக்கவேண்டும். சிவப்பு தலை காட்டினால் அது குடிகாரன் கண். பச்சை தலை காட்டினால் பாசி. பிறகு கோட்டின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பார். மை பிசிறி மயிர் விட்டிருந்தால் தாளைக் கசக்கிப் போடுவார். கடைசியில் ஒரு துளித் தண்ணீர். காய்ந்த கோடு தண்ணீருக்குக் கரைந்து ஓடினால் போத்தலை விரலால் தள்ளிவிடுவார், எச்சில் கோப்பையைத் தள்ளுவது போல.

"மை நடந்து வரவேணும் பஹ்மி. ஓடி வரப்படாது. மையிலயும் குலம் கோத்திரம் இருக்கு."

"நாங்க விக்கிற ஆக்கள் சேர். குலம் பாத்தா கடைய மூடிட்டுப் போகணும்."

அவர் வழக்கமாக எழுதிய சீமை மை வருவது நின்றுபோய்விட்டது. பஹ்மி கொண்டுவந்த மற்றதெல்லாம் தள்ளுபடி. அந்த நாட்களில்தான், தொண்ணூற்றேழு மார்கழியில், அவருடைய ஒரே மகள் சிவமணி பேர் ஒட்டாத சின்னப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஆசிரியை. முப்பது கடந்தவள். தாயில்லாத வீட்டை ஆளும் பொறுப்பும் அவளுடையதுதான்.

பரமநாதன் கோடு இழுத்தார். பார்த்தார். தண்ணீர் விட்டார். மறுபடி பார்த்தார்.

"சிவப்பு கொஞ்சம் கூட. மற்றும்படி இது மை."

அவர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டுக் கிடையாது. சிவமணியின் முகம் மலர்ந்தது.

"ஆர் செய்தது?"

"எங்கட பள்ளிக்கூடத்துச் சயன்ஸ் மாஸ்டர், அப்பா. கபிரியேல். வெத்திலைக்குப் போடுற கத்தக்காம்பைக் காய்ச்சி, பிசின் போட்டு. பூஞ்சணம் பிடியாமல் கராம்பு எண்ணெயும் விட்டிருக்கிறாராம்."

"எந்த இடம்?"

"தெல்தோட்டை."

"தெல்தோட்டையில?"

"தோட்டம்."

அவள் தலை நிமிரவில்லை. ஆண்பிள்ளை ஒருவனின் பேரைச் சொல்லிவிட்டுத் தலை குனிகிற பெண்ணுக்கு மேலதிக விளக்கம் தேவையில்லை. பரமநாதன் எழுந்தார். போத்தலைக் குசினித் தொட்டியில் கவிழ்த்தார். பேனையைக் கழற்றி, தண்ணீர் தெளியும்வரை கழுவினார். மூன்று தலைமுறை அரசாங்க உத்தியோகம், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பேர் சொன்னால் வழி விடுகிற குடும்பம். அது தேயிலைக் கொழுந்து பறிக்கிறவளின் மகனுக்கு மாமன் வீடாவதா? அடுத்த கிழமையே கொழும்பில் கணக்காளராக இருந்த நவரட்ணராஜாவின் மகனுக்குப் பேச்சைத் தொடங்கிவிட்டார். பொருத்தம் பார்த்தாயிற்று. சிவமணி மட்டும் ஓம் என்று சொல்லவில்லை.

தை மாதத்தில் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. அதன் பிறகு கண்டியில் தமிழ் பேசுகிற இளைஞன் தெருவில் இறங்குவது வாழ்வா சாவா என்றாயிற்று. பேருந்துகளை மறித்து, அடையாள அட்டையைப் பார்த்து, பேரில் தமிழ் இருந்தால் இறக்கினார்கள். பரமநாதனையும் ஒருநாள் சந்தைக்கு முன்னால் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்து காட்டினார், முதுகு வளையாமல்.

மாசியில் ஒரு மத்தியானம் பஹ்மி மூச்சு வாங்க மேடேறி வந்தார்.

"சேர், கபிரியேல் மாஸ்டரப் புடிச்சிட்டாங்க. குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட்ல தெல்தோட்ட பஸ்ஸால எறங்கினவர். பையில மண்ணெறத் தண்ணி ஒரு போத்தல். கராம்பு மணக்குது, லேபல் இல்ல. குண்டுக்குக் கலக்கிற மருந்தோன்னு கேக்கிறாங்க. மை, பரமநாதன் சேருக்குக் குடுக்கக் கொண்டுவந்ததுன்னு அவர் சொல்லிருக்கார். நான் போய்ச் சொன்னேன், கடைக்காரன் பேச்சுக் காணாதாம். அரசாங்கத்தில இருந்த நீங்க வந்து சொன்னாக் கேப்பேன்னு இன்ஸ்பெக்டர் சொல்றார்."

அறை வாசலில் சிவமணி நின்றாள்.

"அப்பா, அது மை எண்டு சொல்லுங்கோ. அது போதும்."

பரமநாதன் சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். அவசரப்படவில்லை. "சொல்லுறன். பிறகு நீ கொழும்புச் சம்பந்தத்துக்கு ஓம் எண்டு சொல்லோணும். பஹ்மி சாட்சி."

பஹ்மி நிலத்தைப் பார்த்தார். சிவமணி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம்," என்றாள்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ஊருக்குப் புதியவர், மரியாதை தெரிந்தவர். கதிரை போட்டார். கபிரியேல் சுவரோடு நிலத்தில் இருந்தான். கீழுதடு வீங்கியிருந்தது, சேட்டில் பொத்தான்கள் இல்லை. பரமநாதனைக் கண்டதும் எழும்பப் பார்த்தான். கொன்ஸ்டபிள் தோளில் காலை வைத்து இருத்தினான்.

மேசையில் போத்தல் இருந்தது. "இது என்ன என்று சொல்லுங்கள்," என்றார் இன்ஸ்பெக்டர் சிங்களத்தில்.

பரமநாதன் சட்டைப் பையிலிருந்து தன் பேனையை எடுத்தார். மையை ஏற்றினார். கோடு இழுத்தார்.

கை ஒரு கணம் நின்றது. சிவப்பு இல்லை. முன்பு சொன்ன குற்றம் அவன் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அதை எடுத்துவிட்டிருக்கிறான். ஈரம் உறைந்து, கோடு மெல்ல வெளுத்து, பாக்கின் நிறத்துக்கு வந்து நின்றது. ஓரம் கத்தியால் வெட்டியது போல இருந்தது. தண்ணீர்த் துளி விட்டார். கோடு அசையவில்லை. சீமை மைகூட இப்படி நின்றதில்லை. நிலத்தில் இருந்தவனின் கண் தாளின் மேலேயே இருந்ததை அவர் கவனித்தார். அடி வாங்கிய வாயோடும் இவனுக்குத் தீர்ப்புத் தெரியவேண்டியிருக்கிறது.

"மை," என்றார் பரமநாதன். "நான் கண்ட மண்ணிற மைகளில் முதல் தரம். இதில் வேறு ஒன்றும் இல்லை."

பின்னால் நின்ற பஹ்மி பெருமூச்சு விட்டார். இன்ஸ்பெக்டர் தலையாட்டி, ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நல்லது. மை முடிந்தது. இனி ஆள். உங்களுக்காகக் கொண்டுவந்ததாகச் சொல்கிறான். இவனை எப்படித் தெரியும் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வைத்தால் இப்போதே கூட்டிப் போகலாம். இல்லாவிட்டால் பின்னேர லொறியில் தெற்கிலுள்ள தடுப்பு முகாமுக்கு அனுப்பவேண்டியதுதான். எனக்கு மேலிடத்துக் கட்டளை."

எப்படித் தெரியும்? மகளோடு படிப்பிக்கிறவன் என்றா? அந்தத் தாளை எத்தனை பேர் படிப்பார்கள்? கண்டியில் ஒருவன் படித்தால் கொழும்பில் நவரட்ணராஜா காதில் விழ எத்தனை நாள்?

கபிரியேல் மெதுவாகப் பேசினான். "சார், தெரிஞ்சவன்னு மட்டும் எழுதுங்க. போதும். வேற யார் பேரும் வேணாம். நானும் சொல்லல."

அந்தச் சொல்தான் பரமநாதனைச் சுட்டது. தன் வீட்டு மானத்தைப் பொத்திப் பாதுகாக்க இவன் யார்? மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நானும் சொல்லல என்று பிச்சை போடுகிறானா?

பேனையை மூடினார்.

"மையைத் தெரியும். ஆளைத் தெரியாது."

கபிரியேல் தாளில் இருந்த கோட்டைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்தினான். இன்ஸ்பெக்டர் போத்தலை எடுத்து நீட்டினார். "அப்படியானால் மையைக் கொண்டு போங்கள். அதில் குற்றம் இல்லை."

தெருவில் பஹ்மி கொஞ்ச தூரம் கூட வந்தார். பிறகு நின்றார்.

"மைய வெளிய எடுத்திட்டு மனுசன உள்ள வெச்சிட்டு வாறீங்க சேர்."

"உன்ர கடையைப் பார் பஹ்மி."

"பாக்கத்தான் போறேன். இனி வாற போத்தல் எதையும் நான் உங்களுக்கு அனுப்ப மாட்டேன்." சலாம்கூடச் சொல்லாமல் மறுபக்கம் கடந்து போனார்.

வீட்டு வாசலில் சிவமணி நின்றாள். தகப்பனின் கையில் போத்தலைக் கண்டதும் அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவர் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"அவர் எங்கை அப்பா?"

"மை எண்டு சொன்னன். நீ கேட்டது அதுதானே?"

"விட்டிட்டினமோ?"

"ஆளைத் தெரியுமோ எண்டு கேட்டினம். எனக்குத் தெரியாது. பின்னேரம் தெற்குக்கு அனுப்புகினமாம்." போத்தலை மேசையில் வைத்தார். "நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிப்போட்டன். இனி உன்ர முறை."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழுகைக்குச் சொல்ல ஒரு பதிலும் வைத்திருந்தார். அவளோ உள்ளே போய்க் கைப்பையையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எங்கை?"

"ஆளைத் தெரிஞ்ச ஒருத்தர் கையெழுத்து வைக்கோணுமெல்லே? எனக்குத் தெரியும்."

"நாலு பேர் பாக்கிற தெருவால, பொலிசுக்கு, அவனுக்காக?"

"ஓம்."

"இந்த வாசற் படலையைத் தாண்டினால் திரும்பி வராதை."

"கொழும்புக்கும் அதையே எழுதுங்கோ அப்பா." செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பக்கத்து வீட்டு டொரதி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பரமநாதன் போய்ப் படலையைக் கொளுவினார், சத்தம் கேட்கும்படி.

வெயில் சாய்ந்த நேரம் தொலைபேசி அடித்தது. இன்ஸ்பெக்டர்.

"மிஸ்டர் பரமநாதன், இங்கே ஒரு பெண் வந்து அந்த ஆளுக்குச் சாட்சி சொல்கிறாள். உங்கள் மகள் என்கிறாள். சொந்தக்காரர் பொறுப்பெடுத்தால் ஒழிய இவளையும் விசாரிக்காமல் விட முடியாது. நீங்கள் ஓம் என்றால் நான் இவளைக் கவனமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்."

பரமநாதன் குழலை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"அடையாள அட்டையில் பரமநாதன் சிவமணி என்றிருக்கிறது."

ஓம் என்றால் அவள் வீட்டுக்கு வருவாள். ஆனால் பொலிஸ் வாசலில் நின்று தோட்டத்தானைத் தன்னவன் என்று சொன்ன பெண்ணின் தகப்பன் என்று அவர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும்.

"பரமநாதன் எண்ட பேர் கனபேருக்கு இருக்கு," என்று தமிழில் தொடங்கியவர், நிறுத்தி, சுத்தமான சிங்களத்தில் சொன்னார்: "எனக்குத் தெரியாது."

அந்தப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் வாயிலிருந்து குழலை விலக்கி எதையோ சொல்வது கேட்டது. பிறகு சிவமணியின் குரல், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே தெளிவோடு, சிங்களத்தில்: "அவர் சொன்னபடியே எழுதுங்கள்."

லொறியில் இன்னும் ஒருவருக்கு இடம் வைக்கும்படியும் பெண் பொலிஸைக் கூப்பிடும்படியும் இன்ஸ்பெக்டர் யாருக்கோ சொன்னார். பரமநாதன் அதையும் முழுவதுமாகக் கேட்டார். கேட்டு முடிந்தபின் குழலை அதன் இடத்தில் நேராக வைத்தார்.