ஐந்து அங்குலம்

அந்தோணிமேரி தம்பியின் பைக்கிலிருந்து திண்டிவனத்தில் இறங்கியபோது மணி பத்தரை. மரக்காணத்துக்குத் தெற்கே இருக்கும் குப்பத்திலிருந்து வழி நெடுக, மடியில் ஒரு பிளாஸ்டிக் உறையை இறுக்கிப் பிடித்தபடி வந்திருந்தாள். உள்ளே எஞ்சினுக்கான மானியத் தாள். அதற்காக விழுப்புரத்துக்கு நான்கு முறை அலைந்திருக்கிறாள். ஒரு படகின் பதிவு எண்ணுக்கு ஒரே ஓர் எஞ்சின். இதை விட்டால் அடுத்தது எப்போது என்று ஆபீசில் ஒருவரும் சொல்லவில்லை.

பழைய எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோய் இரண்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து பன்னிரண்டு வயதான ஃபைபர் படகு மணலில்தான் கிடக்கிறது. அவள் புருஷன் ஞானராஜுக்கு முதுகெலும்பில் வட்டு விலகியதிலிருந்து, ஆறு வருஷமாகப் படகை ஓட்டுவது அவள் தம்பி சவுரிராயன்தான். கிளம்பும்போது ஞானராஜ் சொல்லி அனுப்பினான்: "எஞ்சினு சவுரி பார்த்துக்குவான். நீ கையெழுத்து மட்டும் போடு."

கடையில் எஞ்சின்கள் மரச்சட்டத்தில் வரிசையாக மாட்டியிருந்தன. சவுரி நேராகப் போய்ப் பெரிய ஒன்றின் தலையில் கை வைத்தான்.

"இதாண்ணே. பதினஞ்சு ஹெச்பி."

கடைக்காரர் அரங்கநாதன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "படகு எத்தினி வருஷத்துது?"

"பன்னெண்டு" என்றாள் அந்தோணிமேரி.

"பழைய படகுக்கு எதுக்கும்மா இவ்ளோ பாரம்? எஞ்சின் மாட்டுற பின்பலகை விரிசல் வுட்டுரும். ஒன்பது புள்ளி ஒன்பது போதும். லேசு, பெட்ரோலும் கம்மியா குடிக்கும்."

"தாங்கும்ணே. ஓட்டுறவனுக்குத் தெரியாதா?" என்றான் சவுரி.

"சரி, பலகை உயரம் சொல்லுங்க. விசிறிக்கு எறங்குற ஷாப்ட்டு அந்த ஒசரத்துக்கு இருக்கணும். சின்ன ஷாப்ட்டு பதினஞ்சு இன்ச்சு, பெரிய ஷாப்ட்டு இருபது. தப்பா வாங்கினு போயிட்டு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது. பெட்டியப் பிரிச்சா திரும்ப எடுக்க மாட்டோம்."

சவுரி சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு வலை நூலை எடுத்தான். குப்பத்தில் எதை அளந்தாலும் இப்படித்தான், நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். அரங்கநாதன் அதை மேசையில் நீட்டி டேப்பை வைத்துப் பார்த்தார்.

"கரெக்டா இருபது."

அந்தோணிமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கடா அளந்த? நம்ம பலகை பதினஞ்சுதான்."

"நேத்து சாயங்காலந்தான் அளந்தேன். நீ மீனு பாரு, எஞ்சின நான் பாக்குறேன்."

அவள் நூலைக் கையில் எடுத்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அந்தப் பலகை உளுத்துப்போய் அறுத்து எறிந்தபோது, புதுப்பலகையைத் தாங்கிப் பிடித்து நின்றவள் அவள். அவளுடைய முழங்கையிலிருந்து மடக்கிய முட்டி வரைக்கும்தான் அதன் உயரம். நூலை முழங்கையில் வைத்து நீட்டினாள். முட்டியைத் தாண்டி, விரித்த விரல் நுனியையும் தாண்டி நூல் தொங்கியது. முடிச்சுக்குப் பக்கத்தில் அரை விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. இன்னும் பிசுபிசுப்புப் போகவில்லை. மூக்கருகே கொண்டுபோனாள். ரெசின் வாடை. புதுசாக வார்த்த ஃபைபரின் வாடை.

அவள் படகு முழுக்கப் பச்சை. பின்பலகைக்கு அடித்திருப்பது தார்.

"எக்கா, ஜல்தியா கையெழுத்துப் போடு. மதியத்துக்குள்ள கெளம்பணும்."

அவள் கடை வாசலுக்கு வந்து ஞானராஜுக்குப் போன் செய்தாள். "டேப்ப எடுத்துக்கினு போயி நம்ம பின்பலகைய அளந்து சொல்லுங்க."

"ஏன், சவுரி அளக்கலியா?"

"கடைக்காரரு கேக்குறாரு. சொல்லுங்க."

மெல்ல நடந்துபோய் அவன் அளக்கும் வரை காத்திருந்தாள். தம்பி தப்பாகத்தான் அளந்திருக்க வேண்டும் என்று அவள் மனசு கெஞ்சிக்கொண்டிருந்தது.

"பதினஞ்சு. ஒரு நூலு கூட, கொற இல்ல" என்றான் ஞானராஜ். "நேத்து அவன் இந்தப் பக்கமே வரலியே. வானூர் பக்கம் கூலி வேலைன்னு போயி, ராத்திரிதான வந்தான்."

வானூர்ப் பக்கத்தில் படகு வார்க்கும் ஷெட் ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். படகு மணலில் கிடக்கும் நாளெல்லாம் தம்பி கூலிக்குப் போகிறானே என்று கேப்பைக் களி கிண்டித் தூக்கில் போட்டு அனுப்பியவளும் அவள்தான்.

சவுரி வெளியே வந்தான். அவள் கையிலிருந்த போனையும் நூலையும் பார்த்தான்.

"யாரு படகு சவுரி?"

அவன் ரோட்டில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னுதுதான்."

"எத்தினி நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடி அட்வான்சு குடுத்தேன்."

"இந்த எஞ்சினு அதுக்கா?"

"இன்னா பண்றது, எம்படகுக்கு இன்னும் நம்பரு ஆவல. நம்பரு இல்லாம மானியம் தரமாட்டானுங்க." குரலைத் தாழ்த்தினான். "பெரிய ஷாப்ட்டு உம்படகுல சரியா வராது, விசிறி ஆழமாப் போயி கரைல இடிக்கும். அப்ப நான் எடுத்துக்கினு, உனக்கு செகண்ட்ஸ்ல ஒண்ணு மாட்டிக் குடுத்துடலாம்னுதான். உன்ன அப்பிடியே வுட்ருவனா?"

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது." பிறகு சட்டென்று நிமிர்ந்தான். "ஆறு வருஷமா உம்படகத்தான் ஓட்டுறேன். எஞ்சினு எனக்கு வுட்டுக் குடுன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

அவள் கொடுத்திருக்க மாட்டாள். அது உண்மைதான். ஆனால் விழுப்புரத்துக்கு நான்கு முறையும் அவளை அழைத்துப் போனவன் இவன். க்யூவில் கால் வலித்து அவள் அழப்பார்த்த அன்று மோர் வாங்கிக் கொடுத்து, "பொறுமையா இருக்கா, கெடச்சிரும்" என்றவன். அந்த ஆறுதல் யாருடைய எஞ்சினுக்கு?

அவள் உள்ளே போனாள். சவுரியும் பின்னாலேயே வந்தான்.

"ஒன்பது புள்ளி ஒன்பது குடுங்கண்ணே. சின்ன ஷாப்ட்டு."

அரங்கநாதன் இருவர் முகத்தையும் பார்த்தார். பில் புத்தகத்தைத் திறந்தார். "நாளைக்கு லோடு வண்டில வந்துரும்மா. வாரண்டி கார்டுல ஓட்டுறவரு பேரும் போன் நம்பரும் எழுதணும். சர்வீசுக்குக் கூப்புடுவோம்."

சவுரி தன்னையறியாமல் பேனாவுக்குக் கை நீட்டினான். அவள் அதை எடுத்துத் தன் நம்பரையே எழுதினாள். பேருக்கான இடத்தை அப்படியே விட்டாள்.

"யார வச்சு ஓட்டுவ?" என்றான் அவன்.

"அது எம்பேஜாரு."

வாசலில் அவன் பைக்கை உதைத்துக் கிளப்பி, பின்சீட்டைத் துடைத்துவிட்டான். "ஏறுக்கா. வெயிலு ஏறுது."

அவள் நூலைச் சுருட்டி அவன் சட்டைப் பையில் போட்டாள். "வச்சிக்கோ. உம்படகுக்கு வேணும்." பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். அவன் கொஞ்ச தூரம் பைக்கை உருட்டிக்கொண்டே கூட வந்தான். பிறகு பைக் சத்தம் நின்றுவிட்டது.

மரக்காணம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நகர்ந்ததும் ஞானராஜிடமிருந்து போன்.

"எஞ்சினு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. நாளைக்கு வருது. மாட்டுறதுக்கு வேற ஆளப் பாருங்க."

"ஏன், சவுரிக்கு இன்னா?"

"அவன் சொந்தமாப் படகு வாங்குறான்."

எதிர்முனையில் ஞானராஜ் சிரிப்பது கேட்டது. "அடப்பாவி, சொல்லவே இல்ல பாரேன். நல்ல சேதிதான மேரி. ராத்திரி அவன சாப்புடக் கூப்புடு. கோழி அடிக்கலாம்."

"வூட்டுக்கு வந்து பேசுறேன்" என்று போனை வைத்தாள். கட்டைவிரலில் அந்த வெள்ளை ஒட்டியிருந்தது. முந்தானையால் தேய்த்தாள், எச்சில் தொட்டுத் தேய்த்தாள். வாடை கொஞ்சம் குறைந்தது. வெள்ளை போகவில்லை.