ஆறாவது ஸ்க்ரூ

மெக்கானிக்குக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. பட்டறை அவளுடையது, அதில் கை வைத்தவர் அவள் வீட்டுக்காரர். மனுஷன் தொழிலோ தையல். மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. நாளைக் காலை வெளியூரில் சேர வேண்டும். இன்று மதியம் ஸ்கூட்டரிலேயே கிளம்புகிறாள். வழியில் எதுவும் கழன்றுவிடக் கூடாதே என்று, மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, எஞ்சின் மூடியிலிருந்த ஆறு ஸ்க்ரூவையும் மூச்சைப் பிடித்து முறுக்கித் தள்ளிவிட்டார். உள்ளே ஆயிலைத் தடுத்து நிறுத்தும் பேக்கிங் நசுங்கி, ஆயில் கசிய ஆரம்பித்தது.

"ஊசியில நூல் கோக்கற கைக்கு இவ்வளவு பலம் எங்கேருந்துங்க வந்துச்சு?"

"புள்ள தனியாப் போறாளே..."

திட்டுவதை விட்டுவிட்டு அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

ஐந்து ஸ்க்ரூ முக்கி முனகி வந்துவிட்டன. ஆறாவது மசியவில்லை. தலையிலிருந்த ப்ளஸ் பள்ளம் தேய்ந்து வட்டமாகி, ஸ்க்ரூடிரைவர் சும்மா சுற்றியது. இது வராவிட்டால் மகள் இன்று கிளம்ப முடியாது. வராவிட்டால்தான் என்ன என்றது மனசின் ஒரு மூலை. அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தாள். சின்ன உளியை ஸ்க்ரூ தலையின் ஓரத்தில் சாய்த்து வைத்து, கழற்றும் பக்கமாகத் தட்டினாள். உளி சறுக்கினால் மூடியே போச்சு. தையல்காரர், டார்ச் பிடிக்கிறேன் பேர்வழி என்று கூரைக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க காட்டுங்க சாமி!"

பத்தாவது தட்டில் மயிரிழை நகர்ந்தது. அப்புறம் கையாலேயே சுழன்று வந்துவிட்டது. தையல்காரர் தானே கழற்றியது போல மீசையை நீவிக்கொண்டார்.

புதுப் பேக்கிங், புது ஸ்க்ரூக்கள்.

"நல்லாப் பாத்துக்குங்க. ஸ்க்ரூ உக்காந்ததும் கால்வாசி சுத்துதான். அதுக்கு மேல போனீங்க, திரும்பவும் இதே கூத்துதான்."

பாடம் நடத்திக்கொண்டே ஒவ்வொன்றாக முடுக்கினாள். கடைசி ஸ்க்ரூவுக்கு வரும்போது மகள் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். கால்வாசிச் சுற்று முடிந்தது. மெக்கானிக்கின் கை நிற்கவில்லை.

மகள் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும்மா."

கிண்டலடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் தையல்காரருக்கு ஆயுசுக்கும் கிடைக்காது. மனுஷனோ ஸ்க்ரூடிரைவரை மனைவி கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.