செவலையைக் கட்டிப்போட்ட தோட்டம்

பாடாலூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ஊரில் இளைஞர் மன்றம் என்றால் கிரிக்கெட் மட்டை, கேரம் போர்டு, பொங்கலுக்கு மைக் செட்டு, அவ்வளவுதான். 2004-இல் மாவட்ட இளைஞர் நலத் திட்டத்திலிருந்து வந்தவர்கள் ஒரு கூட்டம் போட்டு, பெண்பிள்ளைகளையும் மன்றத்தில் சேர்த்தால் விதையும் மண்வெட்டியும் தருவதாகச் சொன்னார்கள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த கமலவேணி முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். எல்லோரும் வாய்மூடி உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அவள் மட்டும் எழுந்து இரண்டு கேள்வி கேட்டாள். அதற்காகவே அவளைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த புறம்போக்கைப் பஞ்சாயத்து அவர்களுக்கு விட்டது. பையன்கள் முள்ளை வெட்டினார்கள். கமலவேணியும் அவள் சிநேகிதி லாவண்யாவும் மற்றப் பெண்களும் வேரைத் தோண்டி எடுத்தார்கள். குடிநீர்த் தொட்டியில் வழிந்து வீணாகிக்கொண்டிருந்த தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். சுற்றிலும் பருத்தியும் சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற ஊர் அது. ஆனால் குழம்புக்குக் கத்திரிக்காய் வேண்டுமென்றால் ரோட்டுக்கடைக்குத்தான் போக வேண்டும். ஆகவே கத்திரி, வெண்டை, கொத்தவரை என்று போட்டார்கள். விளைவதில் பாதி பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கு, மீதி வேலை செய்தவர்கள் வீட்டுக்கு என்று பேச்சு.

"வெண்டைக்காய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கமலவேணியின் அப்பா பிச்சைமுத்து சிரித்தார். பருத்தி போட்டுப் பழகிய கை அவருக்கு. ஆனாலும் போகாதே என்று சொல்லவில்லை.

வெண்டை பூவெடுத்த சமயத்தில் ஒருநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால், கொத்தவரை வரிசை மாடு மேய்ந்து மொட்டையாகக் கிடந்தது. கத்திரிச் செடிகள் மிதிபட்டு மண்ணோடு மண்ணாகியிருந்தன. வாசலில் சாத்தியிருந்த முள்படல் ஒருபக்கமாகத் தள்ளிக் கிடந்தது. தோட்டத்துக்கு அடுத்தாற்போல் கிரிக்கெட் ஆடும் திடல். பந்து உள்ளே விழுந்தால் படலைத் திறந்து எடுக்கிறவர்கள் அழகேசனும் அவன் ஆட்களும்தான். சைக்கிள் கடை வைத்திருந்த அழகேசன் அந்த நேரம் டீக்கடையில் நின்றான். அவள் நேரே அங்கே போனாள்.

"படலைத் தொறந்தா சாத்தத் தெரியாதாண்ணே? ரெண்டு மாசம் நாங்க தண்ணி ஊத்துனது ஒங்களுக்கு வெளையாட்டாப் போயிடுச்சா?"

"நாங்க இன்னிக்கு ஆடவே இல்ல கமலவேணி."

"பொய் சொல்லாதீங்க."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அழகேசன் முகம் கறுத்துப்போயிற்று. டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் மன்றக் கூட்டத்தில் கமலவேணி ஒரு விதி கொண்டுவந்தாள். எந்த வீட்டு மாடு உள்ளே வந்தாலும் தோட்டத்திலேயே கட்டிப்போடுவது, அந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்து ஒருநாள் வேலி வேலை செய்தால்தான் அவிழ்த்துவிடுவது. எல்லோரும் கை தூக்கினார்கள். அழகேசனும் தூக்கினான், ஆனால் அவள் பக்கம் பார்க்கவில்லை. கோயில் மைக்கில் ஊருக்கும் சொல்லியாகிவிட்டது.

அந்த வாரமே, ஊர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்த உச்சிவெயிலில், வாய்க்காலைத் திருப்பிவிடலாம் என்று கமலவேணி தோட்டத்துக்குப் போனாள். படல் மறுபடியும் தள்ளிக் கிடந்தது. உள்ளே, மிச்சமிருந்த வெண்டை வரிசையில் நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது செவலை. அவர்கள் வீட்டுப் பசு. அறுந்த கயிறு கழுத்தில் தொங்கியது. ஒரு கொம்பில் படலின் முள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு குஞ்சு குருமான்கூட இல்லை. ஓட்டிக்கொண்டு போய்க் கட்டிவிட்டால் முடிந்தது, யாருக்கும் தெரியாது. செவலையின் கயிற்றைப் பிடித்து வாசல்வரை கொண்டும் வந்துவிட்டாள். அதற்குமேல் கால் வரவில்லை. டீக்கடையில் டம்ளரை வைத்துவிட்டுப் போன அழகேசனின் முகம் கண்முன் நின்றது. செவலையைத் திருப்பி, உள்ளேயிருந்த புங்கமரத்தில் கட்டினாள். பிறகு சைக்கிள் கடைக்கு நடந்தாள்.

"அண்ணே, வந்தது எங்க மாடு. அன்னிக்கும் அதாத்தான் இருக்கும். அத்தன பேருக்கு முன்னாடி ஒங்களப் பேசிட்டேன்."

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த அழகேசன் நிமிர்ந்தான். "என்கிட்ட தனியா சொன்னா ஆச்சா?" என்றான்.

அவன் கேட்டது நியாயம்தான். அன்று சாயங்காலம் அதே டீக்கடைக்குப் போய், அதே ஆட்கள் முன்னால், வந்தது தங்கள் மாடுதான் என்று சொன்னாள். அழகேசனுக்குத்தான் கூச்சமாகிவிட்டது. "சரி வுடு, சரி வுடு. டீ குடிக்கிறியா?" என்றான்.

அதற்குள் விஷயம் பிச்சைமுத்துவின் காதுக்குப் போய்விட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். மன்றத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் நின்றார்கள்.

"என் மாட்ட என் மவளே கட்டிப்போட்டிருக்கா. அவுத்துவுடு புள்ள."

"ஒருநாள் வேலிக்கு வாங்கப்பா. நானே அவுத்து ஓட்டிக்கிட்டு வரேன்."

"என்னை இந்தப் பொடிப்பயலுவளோட வேலி கட்டச் சொல்றியா?"

கமலவேணி தலையைக் குனிந்துகொண்டாள். கை கயிற்றை விடவில்லை. பிச்சைமுத்து அவளையும் மற்றவர்களையும் பார்த்தார். பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஏனோ செய்யவில்லை. "எத்தன நாளைக்கு வச்சுக்கிறீங்கன்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

தன் வேலையையே கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி கமலவேணி கேட்டுப் பார்த்தாள். "நீ தெனமும் செய்யிறவ. அது எப்படி சேரும்?" என்றாள் லாவண்யா.

பொழுது சாயும் நேரத்தில் செவலை மடி கனத்துக் கத்த ஆரம்பித்தது. அம்மா செல்வம்மாளைத் தவிர யார் தொட்டாலும் உதைக்கும் மாடு அது. செல்வம்மாள் கன்றையும் பிடித்துக்கொண்டு, செம்போடு வந்தாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கறந்தாள், செவலைக்குத் தண்ணீர் காட்டினாள், போய்விட்டாள். காலையில் மறுபடியும் வந்தாள். பாலைப் பால்வாடிக்குக் கொடுத்துவிடச் சொல்லி லாவண்யாவிடம் நீட்டினாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரிவாளைக் கையில் எடுத்தாள்.

"எந்தப் பக்கம் வேலி கட்டணும்?"

"நீங்க எதுக்கும்மா?" என்றாள் கமலவேணி.

"வூட்டுலேருந்து ஒரு ஆளுன்னுதான மைக்குல சொன்னீங்க? நான் அந்த வூட்டு ஆளு இல்லையா?"

வீட்டு ஆள் என்றால் அப்பா என்றுதான் அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள். விதியைக் கொண்டுவந்த கமலவேணியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அது அவளுக்குச் சுருக்கென்றது.

செல்வம்மாள் கிளுவைக் கிளைகளை வேலிக்கு நடும் போத்துகளாக ஒரே அளவில் நறுக்கினாள். அழகேசன் குழி போட, அவள் நட்டு மண்ணை மிதித்தாள். முள் கீறியதைச் சட்டை செய்யவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்த ஊர்க்கதைகளையெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தாள். அம்மா இவ்வளவு பேசுவாள் என்பது கமலவேணிக்கே அன்றுதான் தெரிந்தது. மத்தியானம் பெண்பிள்ளைகள் கொண்டுவந்த சோற்றில் ஆளுக்கு ஒரு கை வாங்கிச் சாப்பிட்டாள். வீட்டுக்கு அடுப்பு மூட்டப் போகவில்லை.

பசி பொறுக்காமல் பிச்சைமுத்து தேடிக்கொண்டு வந்தார். படலுக்கு வெளியிலேயே நின்றார்.

"சோறு?"

"பானையில பழையது இருக்கு. எனக்கு வேலி முடியல."

அவர் போகவில்லை. நின்று பார்த்தார். மூலையில் ஊன்றிய கனத்த கல்லுக்கால் சாய்ந்து சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. செல்வம்மாள் ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டே காலால் மண்ணைத் தள்ளப் பார்த்தாள். பிச்சைமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கல்லுக்காலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். அவள் மண் போட்டு மிதித்தாள். பொழுது இறங்கியதும் செவலையைச் செல்வம்மாளே அவிழ்த்து முன்னால் ஓட்டிப் போனாள். கன்றைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் போனார்.

மறுநாளும் செல்வம்மாள் வந்தாள். கேட்டால், வேலியில் ஒரு இடம் சரியில்லை என்றாள். அதற்கடுத்த வாரம் லாவண்யாவின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மொட்டையாகிப் போயிருந்த கொத்தவரை மறுபடியும் துளிர்த்தது. கத்திரிக்குப் புது நாற்று நட்டார்கள். ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. சத்துணவு ஆயா ஒரு கூடை கத்திரிக்காயை வாங்கிக்கொண்டு போன அன்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டாம் தடவை சாம்பார் கேட்டார்கள் என்று சொன்னாள்.

தை பிறந்ததும், சாப்பிட்டுக்கொண்டிருந்த பிச்சைமுத்து மகளிடம் சொன்னார்.

"நம்ம கெணத்துமேட்டுல ஒரு மூலை சும்மாதான் கெடக்கு. மொளகாயும் தக்காளியும் போடலாமான்னு ஒங்கம்மா கேக்குறா."

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்றது? மூணு நாளா அவ கொத்திக்கிட்டுல்ல இருக்கா" என்றார். கொல்லைப் பக்கம் செல்வம்மாள் சிரிக்கிற சத்தம் கேட்டது.