இரண்டு முறை பொங்கிய பால்

வீட்டைப் பார்க்க வேண்டும், பிடித்தால் பணம் கட்ட வேண்டும், குடிபோக வேண்டும். சொந்த வீடு வாங்குவது அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டுதான் சுரேந்தரும் லோகப்பிரியாவும் புறப்பட்டார்கள். இருவர் குடும்பத்திலும் அதற்கு முன் யாரும் வீடு வாங்கியதில்லை. தோட்டத்தில் தாத்தா கட்டிய வீட்டிலேயே எல்லோரும் இருந்துகொண்டார்கள். அதனால் யோசனை கேட்கவும் ஆள் இல்லை.

சுரேந்தருக்குக் கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. ஒரு சொட்டு ஒழுகினாலும் பம்பைத் திருப்பி அனுப்பிவிடுவான். லோகப்பிரியா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்து, பயந்து வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்லுவாள். இருவருக்கும் இருந்த ஒரே குறை, யார் முகத்துக்கும் நேராக 'வேண்டாம்' என்று சொல்ல வராது. சமையலறைக்கு மொட்டைமாடி வழியாகப் போகவேண்டிய ஒரு வீட்டைப் பார்த்துவிட்டுக்கூட, புரோக்கர் மனம் நோகக்கூடாது என்று "நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அந்த புரோக்கர் மாசக்கணக்கில் காலையும் மாலையும் போன் செய்துகொண்டிருந்தார்.

ஒருவழியாகக் கிணத்துக்கடவு பக்கம் ராமுலு என்ற பில்டர் கட்டிய வரிசை வீடுகளில் பதினோராம் எண் வீடு அமைந்தது. பிறகு பேங்க் ஆரம்பித்தது. தாய்ப்பத்திரம் வேண்டும் என்றார்கள். சுரேந்தர் அப்படியே அம்மாவிடம் போனில் சொல்ல, அந்த அம்மா கொடுமுடியிலிருந்து பஸ் ஏறித் தன் பேரில் இருந்த வாழைத்தோட்டத்துப் பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு நேராக பேங்குக்கே வந்து சேர்ந்தார். நிலத்தின் பழைய பத்திரத்தைத்தான் அப்படிச் சொல்லுவார்கள் என்று மேனேஜர் விளக்கி, காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அடுத்து வில்லங்கச் சான்று கேட்டபோது, நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் வில்லங்கத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று அம்மா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

எல்லாம் முடிந்து சாவி கைக்கு வந்தபோது, வைகாசியில் ஒரே ஒரு முகூர்த்தம்தான் மிச்சம் இருந்தது. அதை விட்டால் ஆவணி. அதுவரை வாடகை வீட்டில் இருக்க லோகப்பிரியாவுக்குப் பொறுமை இல்லை. அந்த வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே பால் காய்ச்சிவிடுவது என்று முடிவாயிற்று.

வரிசையில் பதின்மூன்று வீடுகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே சந்தன நிறம், ஒரே கேட்டு. எண் பலகை இன்னும் மாட்டவில்லை, தெருவிளக்கும் வரவில்லை. தங்கள் வீட்டுக்கு முன்னால் மணல் குவித்திருக்கும் என்பதுதான் சுரேந்தர் மனதில் வைத்திருந்த அடையாளம். முந்தின நாள் மதிலுக்குப் பூசுவதற்காக அந்த மணலை ஆட்கள் அடுத்த வீட்டு வாசலுக்கு அள்ளிப் போட்டது அவனுக்குத் தெரியாது. இருட்டில் செல்போன் வெளிச்சத்தில் மணலைக் கண்டுபிடித்து, அங்கேயே வேனை நிறுத்தச் சொன்னான். சாவியைப் போட்டான், கதவும் திறந்துகொண்டது. ராமுலு எல்லா வீட்டுக்கும் மொத்தமாக வாங்கிய மலிவான பூட்டு. எந்தச் சாவியைப் போட்டாலும் திறக்கும்.

கோமாதா மட்டும் ஒத்துழைக்கவில்லை. உள்ளே அழைத்துப் போவதற்காக உள்ளூரிலிருந்து கொண்டுவந்த பசு, பக்கத்து வீட்டு கேட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. அங்கே புல் முளைத்திருந்தது. மாட்டுக்காரர் கயிற்றை இழுக்க, சுரேந்தரின் இரண்டு சித்தப்பாக்கள் பின்னாலிருந்து தள்ள, அது கன்றோடு ஒருவழியாகப் படியேறியது. ஐயர் ஓமம் வளர்த்தார். பால் பொங்கி வழிந்தபோது உறவுக்காரர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். லோகப்பிரியா அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தவளுக்கு, பாத்திரம் கழுவும் தொட்டி இடது பக்கம் இருப்பது தெரிந்தது. வலது பக்கம் என்றல்லவா நினைத்திருந்தோம் என்று கணவனிடம் கேட்டாள். அவள் சரியாகத் தூங்கவில்லை, அதனால்தான் அப்படித் தோன்றுகிறது என்றான் சுரேந்தர். பம்பில் ஒரு மரை மாறியிருந்தாலும் கண்டுபிடிக்கிறவன் சொன்னது அது.

அதற்குள் ஆட்கள் வாசலில் பந்தல் போட்டு, கேட்டில் வாழைமரமும் கட்டிவிட, விடிந்ததும் பந்தி ஆரம்பமாயிற்று. அப்போது ஒரு கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவரும் பட்டுச்சேலையில் ஒரு அம்மாவும் இறங்கி, வாழைமரம் கட்டிய கேட்டைப் பார்த்தபடி நின்றார்கள். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பொங்கியண்ணனும் அவர் மனைவி பூவாத்தாளும்தான் அவர்கள். கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள் யுவஸ்ரீக்காக இதே வரிசையில் பன்னிரண்டாம் எண் வீட்டை வாங்கியிருந்தார்கள். அன்றைக்குச் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்கள்.

அவர்கள் லோகப்பிரியா வீட்டுச் சொந்தம் என்று சுரேந்தர் நினைத்தான். சுரேந்தர் வீட்டுச் சொந்தம் என்று லோகப்பிரியா நினைத்தாள். இருவரும் கைகூப்பி ஓடிப் போய், பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, இலைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

பொங்கியண்ணன் "ஏனுங்க தம்பி…" என்று ஆரம்பித்தார். கேசரி வந்தது. கேசரியை முடித்துவிட்டு மறுபடி "தம்பி, ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றார். கூச்சப்படாமல் சாப்பிட வேண்டும் என்று சுரேந்தர் தானே இன்னும் இரண்டு இட்லி வைத்தான். பூவாத்தாள் கணவனின் முழங்கையைத் தொட்டு எதையோ காதில் சொன்னார். அதற்குப் பிறகு அவர் பேசாமல் பொங்கலையும் வாங்கிச் சாப்பிட்டார்.

கைகழுவியதும் சுரேந்தர் அவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினான். ஒவ்வொரு அறையாகத் திறந்து, தரை ஓடு எந்த ஊர், ஜன்னலில் காற்று எந்தத் திசையிலிருந்து வரும், குளியலறைக் குழாயில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது என்று விளக்கினான். பொங்கியண்ணன் ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தனக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் தெரிந்தன என்றுகூடச் சொன்னார். வீட்டைச் சுற்றிக் கொல்லைப்புறம் போனார்கள். அங்கே கரண்ட் மீட்டர் பெட்டிக்கு முன்னால் அவர் நின்றார். பெட்டியின் மேல் சாக்பீஸால் பெரிதாக எழுதியிருந்தது: பொங்கியண்ணன், பன்னிரண்டு.

"இந்தப் பொங்கியண்ணன் ஆருங்க? ஒயர்மேனுங்களா?" என்று கேட்டான் சுரேந்தர்.

"நாந்தானுங்க தம்பி" என்றார் அவர். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பால் காய்ச்சுனது எங்கூட்டுலீங்க."

சுரேந்தர் அந்தப் பெட்டியை ஒருதடவை பார்த்தான். பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தான். அங்கே இருந்த பெட்டியில் அவன் பெயர் இருந்தது. அங்கே கிடந்த ஒரு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

"வந்தவுடனே சொல்லியிருக்கலாமுங்களே" என்றான்.

"சொல்லத்தானுங்க வாயத் தொறந்தேன். நல்ல நேரத்துல போயி எங்கூடுன்னு சொன்னா அந்தப் புள்ள மனசு என்னாகும், சாப்புட்டுப்போட்டு மெதுவா சொல்லிக்கலாம்னு ஊட்டுக்காரிதான் தடுத்துப்போட்டா."

விஷயம் பந்தலுக்குப் போயிற்று. சுரேந்தரின் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். சித்தப்பாக்களில் ஒருவர் வீட்டையே மாற்றிக்கொண்டால் என்ன என்றார். போனில் கூப்பிட்ட ராமுலு, மறுபடி இரண்டு பத்திரம் பதிய வேண்டும், பேங்கிலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். மறுபடி பேங்க் என்றதும் சுரேந்தரின் அம்மாவே அந்த யோசனை வேண்டாம் என்றுவிட்டார். ஐயரையும் போனில் பிடித்தார்கள்; அவர் அதற்குள் வேறொரு வீட்டில் ஓமத்தில் இருந்தார். பொங்கினது அந்த வீட்டுக்குச் சேர்ந்துவிட்டது, ராகு காலம் வருவதற்குள் உங்கள் வீட்டில் நீங்களே ஒருமுறை காய்ச்சிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

லோகப்பிரியா இதையெல்லாம் கேட்டபடி பூவாத்தாளுக்கு முன்னால் நின்றிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பூவாத்தாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"சிரி, அம்மணி. எனக்கும் பந்தியிலிருந்தே அடக்கி அடக்கி வவுறு நோவுது" என்றார். "உங்களால எங்களுக்கு அலைச்சல் மிச்சம். கோழிய உட்டுப்போட்டு ஐயரைத் தேடி எங்க போறது?"

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. கலசம், சாமி படம், அடுப்பு, குத்துவிளக்கு என்று ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு கூட்டம் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தது. மாட்டுக்காரரைத் தேடி ஆள் ஓடினான். பசு இந்த முறை யாரும் தள்ளாமலே புல்லை மேய்ந்துகொண்டு கேட்டுக்குள் போயிற்று. வாங்கி வைத்த பால் அத்தனையும் காபியில் தீர்ந்திருந்தது. பூவாத்தாள் காரை அனுப்பிக் கடையிலிருந்து பாக்கெட் பால் வரவழைத்தார். லோகப்பிரியா தானே அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கியது. கைதட்டக் கொஞ்சப் பேர்தான் இருந்தார்கள். மிச்சப் பேர் இன்னும் பந்தியில் இருந்தார்கள். தொட்டி வலது பக்கம் இருந்தது. அவள் அதில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். இந்த முறை அழுகை வரவில்லை. பசிதான் வந்தது.

அவள் வெளியே வந்தபோது பந்தல் வாசலில் பொங்கியண்ணன் நின்றுகொண்டிருந்தார். புறப்படுகிறவர்களுக்கெல்லாம் தேங்காய்ப் பையை அவர்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். அதெல்லாம் தன் வேலை என்று சுரேந்தர் பையைப் பிடித்தபோது அவர் விடவில்லை. எல்லோரும் சாப்பிட்டது தன் வீட்டு வாசலில் அல்லவா, வெறுங்கையோடு அனுப்புவது தனக்குத்தான் அவமானம் என்றுவிட்டார்.

வெயில் ஏறி, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு சுரேந்தரின் தாய்மாமன் கதிர்வேல் கொடுமுடியிலிருந்து வந்து சேர்ந்தார். பஸ் வழியில் நின்றுவிட்டதாம். வாழைமரம் கட்டிய வீடுதான் மருமகன் வீடு என்று நேராக உள்ளே போய்விட்டார். பூவாத்தாள் அவருக்கு இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிட்டார். கதிர்வேல் நன்றாகச் சாப்பிட்டு, வீட்டை ஆசீர்வதித்து, மொய்க் கவரையும் பூவாத்தாள் கையிலேயே கொடுத்துவிட்டு, ஒரு பாயை விரித்துத் தூங்கிவிட்டார்.

மாலையில் பூவாத்தாள் அந்தக் கவரை எடுத்துக்கொண்டு வந்து லோகப்பிரியாவிடம் கொடுத்தார். மாமன் எங்கே என்று சுரேந்தர் கேட்டான்.

"உள்ள தூங்குறாருங்க. எழுப்பாதீங்க, பாவம்" என்றார் பூவாத்தாள். "எழுந்தா காபி குடுத்து நானே கூட்டியாரேன்."